ராத்திரி வால்யூமைக் குறைத்தால் பேஸ் எங்கே போகிறது?

பகலில் நன்றாகப் பாடுகிற ஸ்பீக்கர்தான். ராத்திரி 11 மணிக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டாத அளவுக்கு வால்யூமை இறக்கிவிட்டு அதே பாட்டைப் போட்டால் சப்பென்று ஆகிவிடுகிறது. குரல் கேட்கிறது, தாளம் கேட்கிறது, வார்த்தைகூடத் தெளிவாக இருக்கிறது, ஆனால் பாட்டுக்கு அடியில் இருந்த கனத்தை, பேஸ் என்கிறோமே அந்தத் தாழ்ந்த ஒலியை, மட்டும் யாரோ உருவிக்கொண்டு போனதுபோல இருக்கிறது. கச்சேரி கேட்கிறவர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும்: மிருதங்கத்தில் வலந்தலையின் ‘நம்’மும் ‘தின்’னும் காதில் விழும், இடப்பக்கமான தொப்பியில் இடது கை கொடுக்கிற கும்கி என்ற ஆழ்ந்த ஒலி இருந்த இடமே தெரியாது. ஒற்றைக் கையால் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

உடனே நமக்குத் தோன்றுவது, இந்த ஸ்பீக்கர் குறைந்த சத்தத்தில் சரியில்லை என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கடையில் கேட்டபோது, “இந்த மாடலுக்குக் கொஞ்சம் பவர் கொடுத்தாத்தான் சார் முழிக்கும்” என்றார்கள். அதை நம்பி அந்த ஜோடியை விற்று, வேறொரு ஜோடி வாங்கி, அதுவும் ராத்திரியில் அப்படியே தூங்கி வழிவதைப் பார்த்த பிறகுதான் காரணத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலிலேயே படித்திருந்தால் காசு மிச்சம்.

விஷயம் இதுதான்: இதில் முக்கால்வாசிப் பழி காதின்மீது. மிச்சத்தில் பெரும்பகுதி சீலிங் ஃபேன்மீது. ஸ்பீக்கருக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான்.

முதலில் காது. அதற்கு டெசிபல் பற்றிய ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். டெசிபல் கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. சத்தம் 10 டெசிபல் ஏறினால் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு மின்சாரம் தள்ளவேண்டும். ஆனால் நம் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத்தான் படும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு, 30 என்றால் ஆயிரம். இந்தக் கணக்கு பின்னால் உதவும்.

1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃபிளெட்சர், வைல்டன் மன்சன் என்ற இருவர் ஒரு பொறுமையான வேலையைச் செய்தார்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைக் குறிப்பிட்ட சத்தத்தில் ஒருவருக்குக் கேட்கவைப்பது, அப்புறம் வேறொரு அதிர்வெண்ணில் இன்னொரு ஒலியைக் கேட்கவைத்து, இரண்டும் ஒரே சத்தம் என்று அவர் சொல்லும்வரை இரண்டாவதை ஏற்றி இறக்குவது. இப்படி எல்லா அதிர்வெண்களுக்கும், பல சத்த அளவுகளுக்கும் செய்து வரைந்த கோடுகளுக்குத்தான் சம உரப்பு வளைகோடுகள் என்று பெயர். உரப்பு என்றால் காதுக்குப் படுகிற சத்தம். பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பிற்பாடு வேறு சிலரும் அளந்து திருத்தினார்கள், இப்போது ஐ.எஸ்.ஓ. 226 என்ற சர்வதேசத் தரமாக அது இருக்கிறது.

அந்தக் கோடுகள் சொல்வது: நம் காது தாழ்ந்த ஒலிகளுக்குச் செவிடு மாதிரி. 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ரொம்பக் கூர்மை (குழந்தையின் அழுகை ஏன் எந்தத் தூக்கத்தையும் கலைக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்), அங்கிருந்து கீழே இறங்க இறங்க மந்தம். இது எல்லாச் சத்தத்திலும் உண்டு. ஆனால் சத்தம் குறையும்போது இந்த மந்தம் இன்னும் மோசமாகிறது. அதுதான் நம் பிரச்சினை.

எண்ணில் பார்த்துவிடலாம். பகலில் பாட்டின் நடுப்பகுதி, அதாவது 1000 ஹெர்ட்ஸ் பக்கம், 80 டெசிபலில் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று அதற்குச் சமமான சத்தமாகக் காதில் விழ வேண்டுமானால் அது 102 டெசிபல் அளவில் இருக்கவேண்டும். ராத்திரி நடுப்பகுதியை 40 டெசிபலுக்கு இறக்குகிறீர்கள். இப்போது 50 ஹெர்ட்ஸ் சமமாகக் கேட்க ஏறத்தாழ 78 டெசிபல் வேண்டும். ஆனால் வால்யூம் குமிழுக்கு இதெல்லாம் தெரியாது. அது எல்லாவற்றையும் ஒரேயடியாக 40 இறக்கும். 102இல் 40 போனால் 62. தேவை 78, கையில் இருப்பது 62. பதினாறு டெசிபல் பற்றாக்குறை. அந்த 62 டெசிபல் பேஸ் உங்கள் காதுக்கு எப்படிப் படும் தெரியுமா, 1000 ஹெர்ட்ஸில் 20 டெசிபல்கூட இல்லாத ஒரு கிசுகிசுப்பாக. பாட்டில் பேஸ் இருக்கிறது, அறையிலும் இருக்கிறது, காது வாங்கிக்கொள்ள மறுக்கிறது.

80, 40 என்பது கணக்குக்காக எடுத்த எல்லைகள். மனப்பாடத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வால்யூமை ஒவ்வொரு 10 டெசிபல் இறக்கும்போதும் 50 ஹெர்ட்ஸில் சுமார் 4 டெசிபல், 100 ஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபல் கடன் விழுகிறது. 70இலிருந்து 50க்கு வருகிறவருக்கு 50 ஹெர்ட்ஸில் 8 டெசிபல் கடன். அதுவும் சின்னது இல்லை. இவை தனி ஒலிகளை வைத்து, காது நன்றாகக் கேட்கிற இளவயதுக்காரர்களிடம் அளந்த சராசரி என்பதால், உங்கள் காதுக்கு ஓரிரண்டு முன்னே பின்னே இருக்கும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். பேஸ் கிடார் தெளிவாக நடக்கிற பாட்டு ஒன்றைப் பகல் சத்தத்தில் போடுங்கள். கிடாரின் நடையை மட்டும் பிடித்துக்கொண்டு வால்யூமை மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள், குரலைக் கவனிக்காதீர்கள். ஒரு கட்டத்தில் கிடார் நழுவிவிடும். இசைப்பவர் எழுந்து போய்விட்டார் என்று தோன்றும். குரல் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். அங்கேயே நிறுத்திவிட்டு, எழுந்து போய் வூஃபருக்கு, அதாவது தாழ்ந்த ஒலியைக் கொடுக்கும் பெரிய கூம்புக்கு, ஒரு சாண் தூரத்தில் காதை வையுங்கள். கிடார்காரர் அங்கேதான் இருக்கிறார். பக்கத்தில் போனதால் காதுக்கு வந்த சத்தம் கூடியது, சத்தம் கூடியதால் காதின் மந்தம் குறைந்தது, அவ்வளவுதான் நடந்தது. ஸ்பீக்கர் தூங்கவேயில்லை.

இந்த ‘முழிக்கிற’ கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். வீட்டில் வைக்கிற சராசரி ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் அளவில் சத்தம் வரும். நமக்கு ராத்திரி அங்கே 56 போதும் என்றால் அது 30 டெசிபல் குறைவு, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு: ஒரு மில்லிவாட். நூறு வாட் ஆம்ப் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர் ராத்திரி செலவழிப்பது இவ்வளவுதான். அந்தச் சத்தத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலி கொடுக்க ஆறரை அங்குல வூஃபர் எவ்வளவு அசைகிறது என்று கணக்குப் போட்டால் ஒரு மயிரிழை கனத்துக்குப் பக்கத்தில் வருகிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. இவ்வளவு நுணுக்கமான அசைவை இந்த அட்டைக் கூம்பு ஒழுங்காகச் செய்யுமா என்ற சந்தேகம் நியாயம்தான். செய்கிறது. சொல்லப்போனால், ஸ்பீக்கர் பெட்டி வடிவமைக்கிறவர்கள் இன்றும் பயன்படுத்துகிற தீல்–ஸ்மால் அளவுகள், ஆஸ்திரேலியாவில் 1961இல் நெவில் தீல் தொடங்கி 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் வளர்த்தெடுத்தவை, எல்லாமே கூம்பு கொஞ்சமாக அசையும் நிலைக்கான கணக்குகள். அதிகமாக அசையும்போதுதான் அந்தக் கணக்கு பிசகும். அதாவது ஸ்பீக்கர் புத்தகத்தில் சொன்னபடி நடந்துகொள்வது குறைந்த சத்தத்தில்தான். கத்தவிட்டால்தான் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடேறி, கூம்பு எல்லைக்குப் போய், குளறுபடி ஆரம்பிக்கிறது. ரப்பர் விளிம்பும், உள்ளே கூம்பைத் தாங்கும் ஸ்பைடர் என்ற துணி வளையமும் மிகச் சிறிய அசைவில் கொஞ்சம் விறைப்பு காட்டும் என்பது உண்மை, அளந்தால் தெரியும். ஆனால் காது விழுங்குகிற 16 டெசிபலுக்கு முன்னால் அது எம்மாத்திரம்.

புனல் மாதிரி வாய் வைத்த ஹார்ன் ஸ்பீக்கர், அதிகத் திறனுள்ள ஸ்பீக்கர் எல்லாம் குறைந்த சத்தத்தில் உயிரோடு இருக்கும் என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு ஜோடியையும் ஒரே டெசிபலில் வைத்து ஒப்பிடவேண்டும். அதிகத் திறனுள்ள ஸ்பீக்கர் வால்யூம் குமிழின் அதே இடத்தில் அதிகச் சத்தம் போடும், அதைக் கேட்டுவிட்டு ‘ஆஹா’ என்பது ஒப்பீடு ஆகாது.

சரி, ஃபேனுக்கு வருவோம். இதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை, ஏனென்றால் பழகிவிட்டது. என் வீட்டு ஹாலில் போனில் இருக்கும் டெசிபல் செயலியை வைத்துப் பார்த்தேன். அது துல்லியம் இல்லை, ஒப்பிட மட்டும் உதவும். ரெகுலேட்டர் 5இல் 50ஐத் தாண்டுகிறது, 2இல் 40ஐ ஒட்டி நிற்கிறது. பாட்டை 50இல் வைத்துக்கொண்டு ஃபேனை 50இல் ஓடவிட்டால், பாட்டின் சத்தமான இடங்கள் மட்டும்தான் தலையை வெளியே நீட்டும். மெல்லிய இடங்கள் மூழ்கிப்போகும். வீணையில் மீட்டிய ஸ்வரம் தேய்ந்து தேய்ந்து மறைகிற அந்தக் கடைசி வால், பாடகர் மூச்சு வாங்குவது, பின்னால் ஓடும் தம்புரா, பாட்டு பதிவான இடத்தின் முழக்கம், இவைதான் முதலில் பலி. ‘ராத்திரி ஸ்பீக்கரில் டீட்டெயில் வரமாட்டேன் என்கிறது’ என்று சொல்கிறோமே, அந்த டீட்டெயில் பெரும்பாலும் ஃபேன் காற்றில் போனதுதான். மேல்தட்டு ஸ்பீக்கர் கேபிள் வாங்குவதற்கு முன்னால் ரெகுலேட்டரை மூன்று எண் குறைத்துப் பாருங்கள், செலவு இல்லை. ஏப்ரல், மே மாதத்தில் இந்த யோசனையைச் சொல்கிறவனை அடிக்கத் தோன்றும், தெரியும்.

இனி என்ன செய்வது என்று பார்க்கலாம். மிகப் பலன் தருவது, கிட்டே போய் உட்காருவது. மூன்று மீட்டரில் இருந்த நாற்காலியை ஒன்றரை மீட்டருக்கு இழுத்துப் போட்டால் ஸ்பீக்கரிலிருந்து நேராக உங்கள் காதுக்கு வரும் ஒலி 6 டெசிபல் கூடும். அடுத்த அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகிற சத்தம் அப்படியே இருக்கும். சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலியைவிட நேரடி ஒலி தூக்கலாக இருப்பதால் தெளிவும் கூடும். மேசைமேல் வைத்துக் கேட்கிற சின்ன ஸ்பீக்கர்கள் ராத்திரியில் ஹாலில் நிற்கிற பெரிய ஸ்பீக்கர்களைத் தோற்கடிப்பது இதனால்தான்.

அடுத்தது பேஸ் குமிழ். சிலருக்கு இதைத் தொடுவதே பாவம்; ‘ஃபிளாட்டாகத்தான் (எதையும் ஏற்றி இறக்காமல்தான்) கேட்பேன்’ என்பார்கள். பாட்டுக்கு ஒலிக்கலவை செய்தவர் ஸ்டுடியோவில் 80 டெசிபல் பக்கத்தில் வைத்துக் கேட்டுத்தான் பேஸ் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்திருப்பார். அதை நீங்கள் 50இல் கேட்கும்போது எதையும் தொடாமல் இருந்தால், அவர் வைத்த அளவு உங்களுக்குக் கிடைப்பதில்லை. கொஞ்சம் ஏற்றினால்தான் அவர் கேட்டதற்குப் பக்கத்தில் வருகிறீர்கள். அதுவும் நிறைய ஏற்ற வேண்டியதில்லை. தாழ்ந்த ஒலியில் அந்த வளைகோடுகள் ஒன்றோடொன்று நெருங்கி ஓடுகின்றன. அங்கே 6 டெசிபல் ஏற்றினாலே நடுப்பகுதியில் 10 ஏற்றிய மாதிரிக் காதுக்குப் படும். ட்ரெபிளை, அதாவது உயர்ந்த ஒலிகளை, விட்டுவிடலாம். மேல்பகுதியில் காதின் இழப்பு ஒன்றிரண்டு டெசிபல்தான், பழைய ஆம்ப்களில் இரண்டையும் சேர்த்து ஏற்றிவிட்டுக் காதைக் கூச வைத்தார்கள்.

சின்ன ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் 40 ஹெர்ட்ஸை ஏற்றிப் பயன் இல்லை, அதில் அது வரவே வராது. பேஸ் கிடாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அதன் கூடவே 82, 123 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கும். டீக்கடை ரேடியோவில் 41 வராது, ஆனாலும் நடை புரிகிறது அல்லவா, மடங்குகளைக் கேட்டு அடிச்சுரத்தை மூளையே போட்டுக்கொள்கிறது. அதனால் 80இலிருந்து 150க்குள் கொஞ்சம் ஏற்றினால் போதும், மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்ளும். ஸ்பீக்கரைச் சுவர் ஓரமாக நகர்த்துவதும் இதே பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். பகலில் ‘பூம் பூம்’ என்று எரிச்சலூட்டுகிற சுவரோரம் ராத்திரியில் சரியாக இருக்கும்.

பழைய ஆம்ப்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பட்டன் இருந்ததே, அது இதற்குத்தான். சத்தம் குறையும்போது பேஸைத் தூக்கிக் கொடுக்க. பெயரைப் பார்த்துவிட்டு, அதைச் சத்தம் ஏற்றும் பட்டன் என்று நினைத்து முழு வால்யூமில் அழுத்திய தலைமுறை நம்முடையது. அந்தப் பட்டனில் உண்மையான குறை ஒன்று உண்டு: உங்கள் காதுக்கு வருவது எத்தனை டெசிபல் என்று அதற்குத் தெரியாது. குமிழ் 9 மணி நிலையில் இருந்தால் சத்தம் குறைவு என்று அனுமானிக்கும். திறன் அதிகமான ஸ்பீக்கரில் 9 மணியே காதைப் பிளக்கலாம். யமஹா ஆம்ப்கள் சிலவற்றில் பட்டனுக்குப் பதில் தனிக் குமிழ் உண்டு, அதைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முறை இது: அதை ஃபிளாட்டில் வைத்துவிட்டு, நீங்கள் கேட்கக்கூடிய அதிகபட்சச் சத்தத்துக்கு வால்யூமை ஏற்றவேண்டும், அப்புறம் வால்யூமைத் தொடாமல் லவுட்னஸ் குமிழைத் திருப்பியே சத்தத்தைக் குறைக்கவேண்டும். அது நடுப்பகுதியை அதிகமாகவும் பேஸைக் குறைவாகவும் இறக்கும். ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் இருக்கும் ஆடிஸி டைனமிக் ஈக்யூ இன்னும் புத்திசாலி; மைக் வைத்து அறையை முன்பே அளந்துவிடுவதால், குமிழின் எந்த இடத்தில் எத்தனை டெசிபல் என்று அதற்குத் தெரியும், அதற்கேற்பத் தானே பேஸைத் தூக்கும்.

பேஸைத் தூக்கினால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொல்லை இல்லையா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சுவர் உயர்ந்த ஒலியைத் தடுக்கிற அளவுக்குத் தாழ்ந்த ஒலியைத் தடுக்காது, கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றால் ‘டும் டும்’ மட்டும் வருவது அதனால்தான். ஆனால் அவருக்கும் இருப்பது இதே காதுதான். 50 ஹெர்ட்ஸ் ஒலி 44 டெசிபலுக்குக் கீழே போனால் அமைதியான அறையில்கூடச் சராசரிக் காதுக்குக் கேட்காது, அவர் வீட்டில் ஃபேன் வேறு ஓடும். 60, 65 டெசிபலில் இருக்கும் பேஸை 6 டெசிபல் ஏற்றுவது பொதுவாக அவரை எட்டாது. தரையில் வைத்த சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே இருக்கும் தனிப் பெட்டி, மட்டும் ஆபத்து, அதன் ஒலி காற்று வழியாக மட்டுமல்லாமல் கான்கிரீட் வழியாகவும் கீழ்வீட்டுக்குப் போகலாம். கீழே ஒரு தடித்த ரப்பரோ ஃபோமோ போட்டு வையுங்கள்.

குறைந்த சத்தத்தில் கருவிகளே காட்டுகிற குறைகளும் சில உண்டு, புதிதாக வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். ஒன்று, ஆம்ப் உள்ளேயே இருக்கிற ஆக்டிவ் ஸ்பீக்கர்களின் ‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சல். வால்யூமைக் குறைத்தாலும் அது பல மாடல்களில் குறையாது. கடையில் சத்தத்துக்கு நடுவே தெரியவே தெரியாது. ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்தால் அது மட்டும்தான் தெரியும். பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டரில், அதாவது உயர்ந்த ஒலி கொடுக்கும் சின்னக் கூம்பில், காதை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, வால்யூம் குமிழின் தொடக்கப் பகுதி. மலிவான குமிழ்களில் இடது, வலது இரண்டும் அங்கே சமமாக ஏறுவதில்லை. பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். மூலத்தில், அதாவது போனிலோ கணினியிலோ, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு குமிழை மேலே கொண்டுவந்தால் தீரும். அப்படிக் குறைத்தால் தரம் போய்விடுமே என்று பயப்படவேண்டாம், இன்றைய 24 பிட் கருவிகளில் அந்த இழப்பு ஃபேன் இரைச்சலுக்கு எவ்வளவோ கீழே புதைந்துகிடக்கும்.

படம் பார்க்கிறவர்களின் தொல்லை தனி. தியேட்டரில் திரைப் பக்கத்துச் சேனல் ஒவ்வொன்றும் 85 டெசிபலுக்கு அளந்து வைக்கப்பட்டு, உச்சத்தில் 105 வரை போக இடம் விட்டு ஒலிக்கலவை செய்கிறார்கள். அதை 30 இறக்கி வீட்டில் பார்த்தால் சண்டைக் காட்சி 75இல் வரும், கதாநாயகி முணுமுணுப்பது ஃபேனுக்குக் கீழே போய்விடும். ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏற்றி இறக்கிப் படம் பார்ப்பது இதனால்தான். டிவியிலும் சவுண்ட் பாரிலும் இருக்கும் ‘நைட் மோட்’ இந்த இடைவெளியைச் சுருக்குகிறது. பாட்டுக்கு அதைப் போடாதீர்கள், படத்துக்குத் தயங்காமல் போடுங்கள்.

என் ஏற்பாடு இப்போதைக்கு இது: ஃபேன் 2இல், நாற்காலி ஒன்றரை மீட்டரில், பேஸ் 5 டெசிபல் மேலே. கும்கி திரும்பி வந்துவிட்டது. ஒரே சிக்கல், காலையில் அதை மறுபடி இறக்கி வைக்க மறந்துவிடுகிறேன். எட்டு மணிக்கு யாராவது பக்திப் பாட்டை வழக்கமான சத்தத்தில் போட்டதும் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் எல்லாம் சேர்ந்து பாட ஆரம்பிக்கின்றன, உள்ளேயிருந்து என் பெயர் கேட்கிறது, அது மட்டும் எந்தச் சத்தத்திலும் தெளிவாகக் கேட்கிறது.